பழந்துவக்கின் குழலளவு

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்துட் புகுவோர் மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பாரின் நினைவுக்கல்லைக் காண்பர். இந்நகரில் அரசாங்க உத்தியோகம் வகித்த அவர், 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆந் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1400க்கு மேல் என்பது அக்காலத்தார் கூற்று. அது பெருமைக்குரிய கணக்கென்று யாம் கருதவில்லை. எனினும் அந்நாளைய துவக்குகள் எத்தகையன என அறிவதிற் குற்றமில்லை. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, கோலால் இடித்துச் சுடப்பட்டவை அவை. நம் நாட்டுக் கொல்லர் செய்த 'இடியன்' துவக்கும் அவ்வினத்ததே. நமுனுகுலவின் சாரலிலே பழைய பங்களா ஒன்றின் சுவரிலோ பெட்டகத்திலோ அத்தகைய துவக்கொன்று அகப்படுமாயின், "இதற்கு எவ்வளவு குண்டு பொருந்தும்?" என்ற வினா உடனே எழும். அவ்வினாவுக்கு விடை துவக்கின் பெயரில் இல்லை; குழலின் உள்ளேதான் இருக்கின்றது.

பெயர் எவ்வாறு ஏமாற்றும் என்பதை முதலில் நோக்குவோம். 'பன்னிரண்டு போர்' என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று அக்குழலுக்குச் சரியாகும் என்பது பொருள். ஓர் இறாத்தல் 453.6 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.34, எனவே கனவளவு 40 கன சதமமீற்றர். அதனை ஒரே உருண்டையாக்கினால் விட்டம் 1.67 அங்குலம் வரும். அதனை 'போர்' எண்ணின் கனமூலத்தால் வகுத்தால் குழல்விட்டம் கிடைக்கும். பன்னிரண்டுக்கு 0.729 அங்குலம், பதினாறுக்கு 0.663, இருபத்துநான்குக்கு 0.579. எண் எட்டு மடங்கானால் விட்டம் பாதியாகும் என்பதை மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

கணக்குத் தெளிவானதே. ஆனால் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் புகழ்பெற்ற றைபிளைப் பாருங்கள். 1840இல் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்தது. எடை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து. இதனை 'நாலு அவுன்சுத் துவக்கு' என்பர். நாலு அவுன்சு உருண்டையெனக் கொண்டால் விட்டம் 1.05 அங்குலமாதல் வேண்டும். ஆனால் நாலு அவுன்சு எடையுள்ளது அதன் கூரிய நீள்குண்டே. பட்டிகட்டிய உருண்டைக் குண்டோ மூன்று அவுன்சு. அதன்படி கணக்கிட்டால் விட்டம் ஏறத்தாழ 0.96 அங்குலந்தான். பெயரை நம்பி உருண்டை வார்ப்பவன் அதனைக் குழலின் வாயிலேயே நுழைக்க இயலாது.

ஆகவே அளக்கவேண்டும். ஆனால் அளப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. இதனை வற்புறுத்தவே இக்கட்டுரை எழுதினோம் என்றாலும் தகும். பழைய துவக்குகள் மருந்திட்டபடியே பல்லாண்டு சுவரில் தொங்குவதுண்டு. உலர்ந்த கரிமருந்து முதுமையால் வீரியம் இழப்பதில்லை. எனவே இடிகோலை மெல்ல உள்ளே விட்டு, வாயின் மட்டத்தில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் மேல் நீளவாக்கில் வைத்துப் பார்க்க. கோலின் நுனி நெருப்புத்துளையருகே சென்று முட்டவேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்து நின்றால் உள்ளே ஏதோ இருக்கின்றது. அது மருந்தும் குண்டுமாக இருக்கலாம். அப்பொழுது துவக்குத் தொழில் அறிந்தவரை அழைப்பதன்றி வேறொன்றும் செய்யற்க.

குழல் வெறுமையாயின், துருவும் கசடும் போகத் துடைத்துவிட்டு அளக்கலாம். கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கையாண்ட வேணியர் இடுக்கிமானியின் உட்டாடைகள் வாயை மட்டுமே அளக்கும். வாயோ இடிகோல் உரசித் தேய்ந்த இடம். மேலும், என்பீல்ட் றைபிள்களுட் பின்னாளிற் செய்யப்பட்டவற்றில், சுரிப்பள்ளம் அடிப்புறத்தே ஆழமாயும் வாய்ப்புறத்தே ஆழங்குறைந்தும் அமைந்தது. எளிய வழி, தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் கடைசற்பொறி வல்லார் ஒருவரைக்கொண்டு, 0.002 அங்குலம் படிப்படியாக ஏறும் பித்தளை முளைகள் சிலவற்றைக் கடைவித்தலாம். ஒவ்வொன்றையும் கோலிற் பொருத்தி உள்ளே விட, தடையின்றிச் செல்லும் மிகப்பெரிய முளையின் விட்டமே மேட்டுக்கு மேடு உள்ள குழலளவு. முளை நடுவழியில் இறுகுமாயின் அவ்விடத்திலே துருவோ நெளிவோ உண்டென்பதும் தெரியவரும்.

பள்ளத்தின் ஆழமும் வேண்டுவோர், தூய மெல்லீயக் கட்டியொன்றை வாயில் ஓரிரு அங்குலம் அடித்திறக்கி, முன்னரே அதிற் பதித்த திருகாணியால் இழுத்தெடுத்து, நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளப்பர். இங்கே ஒரு பொறி காத்திருக்கின்றது. என்பீல்டுக்கு மூன்று பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடே நிற்கும். ஆதலின் இருமுகக் கருவி காட்டுவது மேட்டுவிட்டமுமன்று, பள்ளவிட்டமுமன்று. இடைப்பட்ட ஓர் அளவு. கவர்த்த தாங்கியுடைய நுண்மானியே அதற்கு ஏற்றது. பேக்கரின் றைபிளைப்போல் இரு பள்ளமுடையதாயின் இவ்விடர் இல்லை.

அளவு கிடைத்தபின் குண்டைப் பற்றிச் சொல்லலாம். உருண்டைக் குண்டு எண்ணெய்த்துணி சுற்றி இடப்படுவதால், குழலினும் 0.005 முதல் 0.010 அங்குலம் சிறுத்தல் நன்று. சிறுமை மிகுந்தால் வாயு கசிந்து குறி தப்பும். பெருமை மிகுந்தாலோ குண்டு நடுவழியில் இறுகும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெளி விழும். அந்நிலையிற் சுட்டால் குழலே வெடிக்கும். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்கும் மேல் திடக்கசடாக எஞ்சுவது. நமுனுகுலவின் மூடுபனியிலே அக்கசடு ஈரத்தை உறிஞ்சி இளகிக்கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் அந்த வறண்ட காற்று வீசும் மாதங்களிலோ காய்ந்து இறுகும். காலையில் எளிதிற் சென்ற குண்டு மாலையிற் செல்லாதிருப்பது இதனாலேதான்.

இந்தச் சிறு இடைவெளி நாடுகளின் வரலாற்றையே அசைத்ததுண்டு. 1853ஆம் ஆண்டு வகை என்பீல்டின் குழல் 0.577 அங்குலம், அதன் முதற்குண்டு 0.568. எஞ்சிய 0.009 அங்குலத்தைக் கொழுப்புப் பூசிய காகிதம் நிரப்பிற்று. அத்தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழித்தல் வேண்டும். கொழுப்பு பசுவினதோ பன்றியினதோ என்ற ஐயம் 1857இல் வட இந்தியச் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்த காரணங்களுள் ஒன்று. பின்னர் குண்டை 0.55 அங்குலமாகக் குறைத்து, தேன்மெழுகு பூசலாயினர்.

குழலளவு தெரிந்துவிட்டதென்பதனால் துவக்குச் சுடத்தக்கதாகிவிடாது. உலோகத்தின் உறுதியை இடுக்கிமானி காட்டாது. அது துவக்குத் தொழிலாளர் ஆராயவேண்டியது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரமும் வேண்டும். சுவரை விட்டு இறக்காதிருப்பினும், எடுத்த அளவுகளை எவ்விடத்தில், எக்கருவியால் என்று ஒரு தாளில் எழுதி, அவ்வீயக் கட்டியையும் சிறு பெட்டியிலிட்டுத் துவக்கோடு வைத்துவிடுக. அடுத்து வருபவர் மீண்டும் ஈயம் அடிக்கவேண்டியிராது.