ஆங்கில டீச்சருக்கு யார் சொல்லித்தருவது?

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூர். குளம் நிறையத் தாமரை, சுற்றிலும் வயல், தூரத்தில் மலை. 2022-ல் சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது பறவை பார்க்கிறவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ஆனால், பறவைகளைத் தவிர இன்னொரு கூட்டமும் இந்த ஊருக்கு வந்து போகிறது. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், மனசில் 'சாயங்காலம் சீக்கிரம் விட்டுருவாங்களா?' என்ற கவலை. பயிற்சிக்கு வரும் பள்ளி ஆசிரியர்கள்தான்!

குமரி மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருப்பது தேரூரில். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டயட்' என்பார்கள். உடம்பைக் குறைக்கும் டயட் அல்ல. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்டம்தோறும் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்ததும் இதே தேரூரில்தான். வாழ்நாளெல்லாம் ஆசிரியராக இருந்தவர், எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தை 'ஆசிய ஜோதி'யாகவும், ஃபிட்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக உமர் கய்யாமையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஆங்கிலத்தைக் கண்டு பயப்படாத ஒரு வாத்தியார் பிறந்த ஊரில் ஆங்கில ஆசிரியர் பயிற்சி நடப்பது பொருத்தம்தான்.

பயம் என்ற சொல் சும்மா வரவில்லை. 2012-13ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கின. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பயிற்சி முடித்து, இருபது வருஷம் தமிழில் பாடம் நடத்திய ஓர் இடைநிலை ஆசிரியை, ஒரு ஜூன் மாதக் காலையில் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்த வேண்டியதாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. இங்கே அம்மாக்கள் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்ப்பார்கள். டீச்சர் போட்டிருக்கும் ஸ்பெல்லிங் தப்பா என்று கூகுளில் தேடுவார்கள். பிடிக்கவில்லை என்றால், அடுத்த ஜூனில் பிள்ளை மஞ்சள் வேனில் ஏறிவிடும். பிள்ளை குறைந்தால் பணியிடம் குறையும், பள்ளிக்கே பூட்டு விழவும் கூடும். ஆக, அந்த டீச்சரின் ஆங்கிலம் அவருடைய சொந்தப் பிரச்னை மட்டும் இல்லை.

சரி, அவருக்கு யார் சொல்லித்தருவது?

இந்தக் கேள்விக்குச் சென்னை மாநிலம் அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு பிரமாண்டமான பதிலை முயன்று பார்த்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர் - கொச்சியிலிருந்து பிரிந்து சென்னையோடு சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் காலகட்டத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு திட்டம் நடந்தது. அதைப் பற்றி டி.ஏ.ஸ்மித் என்பவர் 1962-ல் ஆங்கிலக் கற்பித்தல் இதழ் ஒன்றில் கட்டுரையே எழுதினார். அவர் வைத்த பெயர் 'மெட்ராஸ் பனிப்பந்து'. பனி என்றால் மார்கழிப் பனி மட்டுமே தெரிந்த ஊருக்கு இப்படியொரு பெயர்!

கணக்கு எளிது. சிலருக்கு நன்றாகப் பயிற்சி கொடு. அவர்கள் போய்ப் பலருக்குக் கொடுக்கட்டும். அந்தப் பலர் இன்னும் பலருக்கு. மலைச்சரிவில் உருளும் பனிப்பந்து போலப் பெருகிக்கொண்டே போகும். அப்போது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பழக்கும் முறைக்குத்தான் மவுசு. 'திஸ் இஸ் எ புக்', 'தட் இஸ் எ டோர்' என்று கோரஸாகச் சொன்ன தாத்தா, பாட்டிகள் இன்றும் வீட்டில் இருப்பார்கள்; கேட்டுப்பாருங்கள்.

பனிப்பந்து உருண்டால் பெருகும். பயிற்சி உருண்டால்? நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பேச்சிப்பாறையில் திறந்துவிடும் தண்ணீர் கால்வாய், கிளைக்கால்வாய், மடை என்று பிரிந்து பிரிந்து கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சியும் அப்படித்தான். சென்னையில் ஐந்து நாள் நடந்தது மாவட்டத்தில் மூன்று நாளாகும், வட்டார வள மையத்தில் ஒரு நாளாகும், பள்ளிக்கு வரும்போது ஒரு பிடிஎஃப் ஆகிவிடும். உதாரணத்துக்குச் சொல்கிற கணக்குதான் இது. ஆனால், பயிற்சிக்குப் போய்வந்த எந்த டீச்சரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க மாட்டார்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் வழி இதுதான். மாநிலம், மாவட்டம், வட்டாரம் எனப் பயிற்சி இறங்கிவரும். ஆங்கிலமும் அதில் உண்டு. பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள் வைத்த பெயர் போல இருக்கிறது! பாட்டு, அட்டை, பொம்மை என்று வகுப்பறை கலகலப்பானது உண்மை. ஆனால், பிள்ளைக்கு மூன்று நிலை இருப்பதுபோல ஆசிரியருக்கும் நிலைகள் உண்டே? ஆங்கில இலக்கியம் படித்தவரும், பன்னிரண்டாம் வகுப்போடு ஆங்கிலத்தை மறந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிபிடியைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயம், பயிற்சிகளில் பெரும்பாலும் 'எப்படிக் கற்பிப்பது' என்பதுதான் பேசப்படுகிறது. டீச்சரின் சொந்த ஆங்கிலத்தை யாரும் தொடுவதில்லை. தொட்டால் அவருக்கு அவமானமாகிவிடுமோ என்ற கூச்சம். ஆனால், தேவை அங்கேதான் இருக்கிறது. தமிழில் 'ப' ஒன்றுதான். ஆங்கிலத்தில் மூன்று வேறு ஒலிகள் அந்த ஓர் எழுத்துக்குள் வந்து நெருக்கியடிக்கும். ஃபேன் சுற்றுகிறது என்று சொல்ல வந்து, தலையில் இருக்கும் பேன் சுற்றிவிடும். 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகும். களியக்காவிளைப் பக்கம் போனால் மலையாளக் காற்றில் 'காலேஜ்' 'கோளேஜ்' ஆகும், 'ஆயில்' 'ஓயில்' ஆகும். இதெல்லாம் தப்பு என்று தலையில் குட்டுவதைவிட, ஏன் இப்படி வருகிறது என்று அரை மணி நேரம் விளக்கினால் எந்த ஆசிரியரும் ஆர்வமாகக் கேட்பார். தாய்மொழி தெரிந்திருப்பதால்தான் இந்தப் பாடத்தை நடத்த முடியும், வெள்ளைக்காரரால் முடியாது.

இந்த விஷயத்தில் நம் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆள் இருந்தார். பெயர் என்.எஸ்.பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். விடை தேடும் சாக்கில் ஆங்கிலம் புழங்கும். 'பெங்களூர் திட்டம்' என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் கல்லூரிகளில் இன்றும் பேசப்படுவது இதுதான்.

அதே பிரபு 1990-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், சிறந்த கற்பித்தல் முறை என்று தனியாக எதுவும் ஏன் இல்லை என்று விளக்கினார். எந்த முறையைக் கையில் கொடுத்தாலும், 'இப்படிச் செய்தால் பிள்ளைக்கு ஏறும்' என்று ஆசிரியருக்கு உள்ளூரத் தோன்ற வேண்டும். அது இல்லாமல் எந்திரம்போல நடத்தினால் வேலைக்கு ஆகாது என்பது அவர் வாதம். மேலிருந்து தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, கடைமடையிலும் ஊற்று வேண்டும் என்பதுதானே இது!

இப்போது இந்த விஷயத்துக்கு அவசரமும் கூடியிருக்கிறது. பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான முதல் தாளில் 150 மதிப்பெண்ணில் 30 ஆங்கிலத்துக்கு. ஐம்பதை நெருங்கும் டீச்சர்கள், பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இலக்கணப் புத்தகத்தைத் திறக்கும் காலம் இது. தேர்வுக்குப் படிப்பதும், பேசப் பழகுவதும் வேறு வேறு என்பதுதான் சிக்கல்.

பேசப் பழகக் கூட்டாளி வேண்டும். அதற்கு ஆணை, சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. ஒரே பள்ளியில் இரண்டு டீச்சர்கள் இருந்தால் போதும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கேட்காத தூரத்தில் உட்கார்ந்துகொண்டால் கூச்சமும் இருக்காது. வடசேரி பஸ் ஸ்டாண்டின் பஸ் நேரத்தை ஒருவர் கேட்க, மற்றவர் சொல்லலாம். அதையே மறுநாள் நாலாம் வகுப்புக்குப் பாடமாகவும் ஆக்கலாம். இல்லையென்றால் டிபன் பாக்ஸில் இருக்கும் தீயலை எப்படி வைத்தது என்று கேட்கலாம். 'கோகனட்' வரைக்கும் சுலபமாக வந்துவிடும். அதைச் சிவக்க வறுத்ததைச் சொல்லும்போதுதான் ரெண்டு பேரும் கையில் சோற்றோடு யோசிப்பார்கள், ஃப்ரையா, ரோஸ்ட்டா?