கேள்வி வரும் வரை காத்திருத்தல்

பாடசாலைக் கணினிக் கூடத்தில் உயர்தர மாணவர் ஒருவர் சி மொழியில் சின்னச் செய்நிரல் ஒன்றை எழுதியிருந்தார். அது திரையில் "பெயர்?" என்று கேட்கும். பெயரைக் கொடுத்தால் "புள்ளி?" என்று கேட்கும். நாற்பது பேருடைய விபரத்தையும் கையால் தட்ட அலுப்புப்பட்டு, அக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்னொரு செய்நிரலையும் எழுதினார். தனியே ஒழுங்காக ஓடியது, இரண்டையும் இணைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. "ஹேங் ஆயிட்டு சேர்" என்றார். பிழைச் செய்தியும் இல்லை.

ஏன் இப்படி? இரண்டு செய்நிரல்களை இணைக்கும் வழிக்குக் 'குழாய்' (பைப்) என்று பெயர். டக் மக்கில்ராய் முன்வைத்த இந்த எண்ணம் 1973இல் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையில் இடம்பிடித்தது. ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகப் போய்ச் சேரும். ஒரு பக்கமாக ஓடும் வேலைக்கு இது அருமையான ஏற்பாடு. உரையாடலுக்கு வரும்போதுதான் சிக்கல்.

சி மொழியின் வெளியீட்டு நூலகம், எதிரே இருப்பது டெர்மினலா இல்லையா என்று பார்த்து நடந்துகொள்ளும். டெர்மினல் என்றால் மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கொண்டு, எழுதியதை வரிக்கு வரி அனுப்பும். குழாய் என்றால் அவசரமில்லை என்று கருதி, சில ஆயிரம் எழுத்துகள் சேரும் வரை நினைவகத்தில் தேக்கி வைக்கும். மாணவருடைய "பெயர்?" என்ற கேள்வி அந்தத் தேக்கத்திலேயே கிடந்தது. கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் சொல்பவர் கேள்விக்குக் காத்திருந்தார். இருவரிலும் பிழையில்லை, ஆனால் வேலை நடக்கவில்லை. இதுவே முட்டுக்கட்டை நிலை.

அது நம்முடைய செய்நிரல் என்றபடியால், கேள்விக்குப் பின் தேக்கத்தை உடனே வெளியேற்றும் ஒரு வரியைச் சேர்த்தோம். விசயம் முடிந்தது. ஆனால் பிறர் எழுதிய, நாம் கைவைக்க முடியாத செய்நிரல் என்றால்? கடவுச்சொல் கேட்கும் சில செய்நிரல்கள் குழாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டெர்மினலையே நேரே திறந்து வாசிக்கும்.

இதற்கு யுனிக்ஸ் வகை முறைமைகள் தரும் வழி 'போலி டெர்மினல்'. அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனை செய்நிரலுக்கு அசல் டெர்மினலாகவே தெரியும். மறுமுனையில் மனிதருக்குப் பதிலாக இன்னொரு செய்நிரல் இருக்கும். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய டொன் லைப்ஸ், இதை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை 1990இல் அறிமுகப்படுத்தினார். அதன் முக்கிய கட்டளைகள் மூன்று: செய்நிரலைத் தொடக்கு, இன்ன சொல் வரும் வரை எதிர்பார், இன்ன பதிலை அனுப்பு.

இம்மூன்றில் உயிரானது நடுவிலுள்ளது. கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே என்ற செய்நிரலுக்கு, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்றோ எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றோ முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து அதற்கேற்ற பதில் சொல்ல, காதுகொடுக்கும் ஒருவர் வேண்டும். எக்ஸ்பெக்ட் அந்த இடத்தில் இருக்கும்.

ஆபத்தும் இங்கேதான். எதிர்பார்த்த சொல் வராவிட்டால், நாம் வேறு விதமாகச் சொல்லாத வரை, எக்ஸ்பெக்ட் 10 செக்கன் பொறுத்துவிட்டுச் சத்தமில்லாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். கடவுச்சொல்லைக் கேட்காத இடத்தில் கடவுச்சொல் போய் விழலாம். திரையிலே அப்பட்டமாகத் தெரியவும் கூடும். அதேபோல, எஸ்எஸ்எச் மூலம் புதிய கணினியொன்றோடு முதன்முறை இணையும்போது "தொடர விரும்புவது உறுதியா?" என்று கேட்கும். அது ஆள்மாறாட்டத்தைத் தடுக்க மனிதரிடம் கேட்கும் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்று அனுப்பும் நிரல், அந்தக் காவலையே நீக்கிவிடுகிறது.

ஆகவே, காத்திருப்பு நேரம் முடிந்தால் என்ன செய்வது என்பதையும் நிரலில் எழுதியே ஆகவேண்டும். 'நிறுத்திவிடு' என்பதே பெரும்பாலும் சரியான பதில். கேள்வி விளங்காவிட்டால் எதையாவது எழுதிவைக்காதே என்று பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நாம் சொல்கிற புத்திமதி, இங்கே செய்நிரலுக்கும் தேவைப்படுகிறது.