நாலு பேர் முன்னால் சொல்லலாமா?

சைக்காலஜி எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுத்தேன் என்றால் நம்புவீர்களா? நாடி பார்த்து, சூரணமும் தைலமும் கொடுக்கிற சித்த வைத்தியனுக்கு அங்கே என்ன வேலை என்றுதானே கேட்பீர்கள்!

வேலை இருந்தது. என் நெருங்கிய நண்பர் ஒரு மனநல மருத்துவர். தோல் நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறவர்களை நான் அவரிடம் அனுப்புவேன். ஒருநாள் போன் செய்தார். "வைத்தியரே, காலேஜ்ல குரூப் தெரபி பத்தி முதல் வகுப்பு எடுக்கிறேன். நீங்களும் வாங்க. உங்க பெஞ்ச் கதையைச் சொல்லணும்" என்றார். அந்தக் கதையைச் சொல்வது எனக்கு அவ்வளவு சந்தோஷமான விஷயம் இல்லை. இருந்தாலும் போனேன்.

வகுப்பில் மேஜைகளை ஓரம் தள்ளி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நண்பர் பேச ஆரம்பிப்பதற்குள் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், ஒருத்தர் தன் கஷ்டத்தை டாக்டர்கிட்ட தனியா சொல்றதுக்கே தயங்குறாங்க. எட்டுப் பேரை ஒண்ணா உட்கார வச்சா எப்படி வாயைத் திறப்பாங்க? எட்டுப் பேர் கஷ்டமும் சேர்ந்து எல்லாருக்கும் பாரம்தானே கூடும்?"

நல்ல கேள்வி! உங்கள் வீட்டில் ஒருவருக்கு டாக்டர் 'குரூப் தெரபிக்கு வாங்க' என்று சொன்னால் நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள். நம்ம ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்திலேயே பாதி வியாதி முற்றிப் போகிறது. அந்த நாலு பேரையே கூப்பிட்டு உட்கார வைத்து வைத்தியமா?

மடித்த சீட்டு

நண்பர் பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீங்க நினைக்கிற ஒரு விஷயத்தை எழுதுங்க. பேர் வேண்டாம்" என்றார். எழுதி மடித்தார்கள். "இப்ப இதை வாங்கிப் படிக்கப் போறேன்" என்றாரே பார்க்கணும்! ஒரே நொடியில் எல்லார் முகமும் வெளுத்துப் போச்சு. கேள்வி கேட்ட பெண் சீட்டை இறுக்கமாக மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, படிக்க மாட்டேன். சீட்டை நீங்களே வச்சுக்குங்க, வீட்டுக்குப் போய்க் கிழிச்சுப் போடுங்க. ஆனா இப்ப வயித்துல என்னமோ புரண்டதே, அதை மறக்காதீங்க. குரூப்புக்கு முதல்நாள் வர்ற ஒவ்வொரு நோயாளியும் அந்த மாதிரி ஒரு சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத்தான் உள்ளே வர்றார்" என்றார்.

பிறகு இர்வின் யாலோம் பற்றிச் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர். 1970-ல் வெளியான அவருடைய குழு மனச்சிகிச்சை நூல்தான் இன்றும் பல நாடுகளில் மாணவர்களுக்குப் பாடம். தன்னிடம் பயிற்சிக்கு வந்த குழுக்களில் பெயர் போடாமல் இப்படி எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறார் யாலோம். ஆளுக்கு ஆள் வேறு வேறு ரகசியம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆச்சரியம், பெரும்பாலும் ஒரே ரகசியம்தான் திரும்பத் திரும்ப வந்ததாம்! 'உள்ளுக்குள் நான் லாயக்கில்லாதவன், வெளியே நடிக்கிறேன்' என்பது முதலாவது. 'எனக்கு யார்மேலும் உண்மையான பாசம் வரமாட்டேங்குது' என்பது அடுத்தது. பாலுறவு பற்றிய ரகசியங்கள் மூன்றாவது.

ஆக, நாம் எதை ஒளிக்கிறோமோ அதையே பக்கத்து நாற்காலிக்காரரும் ஒளித்துக்கொண்டிருக்கிறார். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணமே ஒரு தனி வியாதி. அது தெளிவதற்கு டாக்டர் சொன்னால் போதாது, பக்கத்தில் இருப்பவர் சொல்லணும்.

ஆரம்பித்தவர் காசநோய் டாக்டர்!

இந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தவர் மனநல மருத்துவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற பொது மருத்துவர். வருஷம் 1905. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டாலும், அதைக் கொல்ல மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1943-ல்தான். ஓய்வு, சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். பணக்காரர்கள் சானடோரியம் போனார்கள். ஏழைகள் எங்கே போவது?

அவர்களுக்காகப் பிராட் வாரம் ஒரு 'வகுப்பு' நடத்தினார். எப்போது படுப்பது, எப்படிச் சுகாதாரம் பேணுவது என்று பத்திருபது பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுத்தால் நேரம் மிச்சம், அவ்வளவுதான் அவர் எண்ணம். ஆளுக்கொரு நோட்டு, அதில் தினசரிக் காய்ச்சல், ஓய்வு, சாப்பாடு எல்லாம் எழுதி வரவேண்டும். வகுப்பில் எடை பார்ப்பார்கள். எடை கூடியவரைப் பார்த்து மற்றவர்களுக்குத் தெம்பு வந்தது. வியாதிக்குப் பயந்து எல்லாரும் ஒதுக்கிய அந்த ஜனங்கள் அந்த அறையில் சிநேகிதர்கள் ஆனார்கள். தான் கொடுக்கிற பாடத்தை விட அந்தச் சிநேகம் பெரிய மருந்து என்பது பிராட்டுக்குப் புரிந்தது.

'குரூப் தெரபி' என்ற பெயரை 1932 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேக்கப் மொரேனோ. வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர். கஷ்டத்தை வாயால் சொல்வதோடு நிற்காமல் நாடகமாக நடித்துக் காட்டச் சொல்லும் 'சைக்கோ டிராமா'வும் அவருடையதுதான். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்கள் ஏராளம், டாக்டர்களோ கொஞ்சம். இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் பியான், ஃபோக்ஸ் போன்ற மருத்துவர்கள் குழுக்களாகவே வைத்தியம் செய்து பார்த்தார்கள். அங்கிருந்து இந்த முறை வேகமாகப் பரவியது.

நம் நாட்டிலும் ஒரு அருமையான உதாரணம் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் வரவழைத்து வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். நோயாளி வீடு திரும்பும்போது, அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டாருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

பொதுவாக ஏழெட்டுப் பேர். வாரம் ஒரு முறை, சுமார் ஒன்றரை மணி நேரம். ஒருவரோ இருவரோ பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் நடத்துவார்கள். சில குழுக்களில் நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். சிலவற்றில் கோபத்தை அடக்க, பதற்றத்தைக் குறைக்கப் பயிற்சி கொடுப்பார்கள். இன்னும் சிலவற்றில் ஒருவரோடொருவர் பழகும் விதமே பாடம்.

அந்தக் கடைசி வகைக்கு நண்பர் ஒரு உதாரணம் சொன்னார். 'வீட்ல என்னை யாரும் மதிக்கிறதில்லை' என்று ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். மூன்று வாரமாக, யார் பேசினாலும் இடையில் புகுந்து பேசுகிறார். நாலாவது வாரம் எதிரே இருக்கிற அம்மா, "நான் வாயெடுத்தாலே குறுக்கே பேசறீங்க சார், அதனால நீங்க பேசும்போது கேட்கவே பிடிக்கலை" என்கிறார். அவர் மனைவி இருபது வருஷமாகச் சொன்னதும் இதுதான். மனைவி சொன்னது சண்டையாகத் தெரிந்தது, இந்த அம்மா சொன்னது கண்ணாடி மாதிரி இருந்தது! வெளியே செய்கிற அதே தப்பைத்தான் மனிதன் குழுவுக்குள்ளும் செய்வான். அதை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பிடித்துக் காட்டுவதுதான் இதன் சூட்சுமம்.

இன்னொன்றும் உண்டு. தனியாக வைத்தியம் பார்க்கும்போது நோயாளி வாங்கிக்கொள்கிறவர் மட்டும்தான். குழுவில் அவர் கொடுக்கிறவரும்கூட. 'என்னாலயும் இன்னொருத்தருக்கு உபகாரம் ஆச்சே' என்ற நினைப்பு ஒருவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். எந்தச் சூரணத்துக்கும் அந்தச் சக்தி இல்லை. சித்த வைத்தியனே சொல்கிறேன்!

என் பெஞ்ச் கதை

இப்போது என் முறை வந்தது. சில வருஷங்களுக்கு முன் புதன்கிழமைகளில் என்னிடம் காளாஞ்சகப்படைக்காரர்கள் வருவார்கள். சொரியாசிஸ் என்கிறார்களே, அதுதான். தொற்று நோயே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், விசேஷ வீட்டில் தட்டை எட்டி வைப்பார்கள். கவலை கூடினால் நோயும் கூடும். நோய் கூடினால் கவலை கூடும்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர் கையை மடித்துவிட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சந்தோஷப்பட்டு, மருந்து கொடுத்த பிறகு அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். பெரிய சாதனை என்று நினைப்பு.

அதில் ஒரு ஆசிரியை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நோயை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை என்று ஒரு புதன்கிழமை அழுதுகொண்டே சொன்னார். மறுவாரம் இதே மாதிரி தவித்த இன்னொருவருக்கு ஆறுதல் சொல்லப் போய், "உங்களுக்கு மட்டுமில்லைம்மா, நம்ம டீச்சரம்மாவும்..." என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வரன் தட்டிப் போனது.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. வீடு தேடிப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, "உங்களை நம்பித்தானே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன்.

வகுப்பில் சத்தமே இல்லை. நான் சொன்னேன்: "நான் நடத்தினது குரூப் தெரபி இல்லை, வெறும் பெஞ்ச். மனுஷங்க ஒண்ணா உட்கார்ந்தா மனசு திறக்கும், அது இயற்கை. திறந்த மனசுக்குக் காவல் வேணும். அந்தக் காவல் எனக்குத் தெரியலை. அதைத்தான் நீங்க இங்கே படிக்கிறீங்க."

நண்பர் தொடர்ந்தார். இங்கே கேட்டது இங்கேயே நிற்கணும் என்பதை முதல்நாளே எல்லாரும் ஒப்புக்கொள்ளணும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடணும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசணும். நிஜத்துக்கும் பிரமைக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருப்பவர், உயிரை விடும் எண்ணத்தில் தத்தளிப்பவர், போதையில் வருபவர் ஆகியோருக்கு முதலில் வேறு உதவி வேண்டும். மௌனம் வந்தால் பதறிப்போய் நிரப்பக்கூடாது. புத்தி சொல்ல அவசரப்படக்கூடாது. நடத்துகிற நாற்காலியில் உட்காரும் முன், உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கணும். மூத்தவர் மேற்பார்வையில் பழகணும்.

வாசகர்களுக்கு...

உங்கள் வீட்டில் யாருக்காவது குழுச் சிகிச்சை சொல்லியிருந்தால் பயப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். நடத்துகிறவர் என்ன படித்தவர்? சேரும் முன் தனியாகப் பேசுவாரா? ரகசியத்துக்கு என்ன விதி? எத்தனை பேர், எத்தனை வாரம்? சரியான பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் 'பிடிக்கலை' என்பார்கள். அது சகஜம், உடனே நிறுத்திவிடாதீர்கள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை, என்னைப் போன்ற வைத்தியர் சொன்னாலும்கூட, அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், "அங்கே யார் என்ன சொன்னாங்க?" என்று தோண்டாதீர்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லையா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். "சார், அந்த டீச்சரம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "தெரியலைம்மா" என்றேன். கையில் மடித்த சீட்டு அப்படியே இருந்தது. "பாரம் கூடுமான்னு கேட்டேன்ல சார்... காவல் இருந்தா கூடாது, இல்லையா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நாலு பேர் முன்னால் சொல்லலாம். அது எந்த நாலு பேர் என்பதுதான் முக்கியம்.