நிறுத்து, நிறுத்து! அந்த இடத்தை மறுபடி போடு!

வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடுவோம். இடம், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ. காலம், 1990-ஐ ஒட்டி. தெருமுனைக் கடையில் ‘ரெண்டு செராக்ஸ்’ என்று கேட்கிறோமே, அந்த செராக்ஸ் கம்பெனி 1970-இல் தொடங்கிய ‘பார்க்’ ஆராய்ச்சிக்கூடம் இது. ஆல்டோ கணினி, ஈதர்நெட் எல்லாம் பிறந்த வீடு. அவற்றைத் தேடி வருபவர்கள் முன்வாசலில் நிற்கட்டும். நாம் போவது, ஒரு வீடியோ டேப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு. மொத்தக் கட்டடத்திலும் எனக்கு மிகமிகப் பிடித்த அறை!

பெயர், ‘இன்டராக்‌ஷன் அனாலிசிஸ் லேப்’. லேப் என்றாலும் கருவி, குடுவை எதுவும் கிடையாது. மானுடவியலாளர், கணினிக்காரர், உளவியலாளர், மொழி ஆராய்பவர் என்று பார்க்கிலிருந்தும் அருகிலிருந்த ஐ.ஆர்.எல். என்ற கற்றல் ஆய்வு நிறுவனத்திலிருந்தும் ஆர்வமுள்ளவர்கள் வந்து உட்காருவார்கள். விருந்தாளிகளும் எட்டிப் பார்ப்பார்கள். பிரிகிட்டே ஜோர்டன் என்ற மானுடவியலாளரும் ஆஸ்டின் ஹெண்டர்சன் என்ற கணினி விஞ்ஞானியும் 1995-இல் ஒரு கட்டுரை எழுதி, உள்ளே நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். நமக்குக் கதவு திறந்தது அதனால்தான்.

என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் தன் டேப்பைக் கொண்டுவருவார். ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ வகுப்பறையிலோ மனிதர்கள் தம் பாட்டுக்கு வேலை பார்ப்பதைப் படம்பிடித்த டேப். டேப் ஓடும். யார் கண்ணில் எது பட்டாலும் ‘நிறுத்து!’ எனலாம். நிறுத்தியவர் கண்டதைச் சொல்வார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கேதான் அந்த அற்புதமான விதி வருகிறது: டேப் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கக் கூடாது!

ஏன்? அதற்குமேல் போனால் பேச்சு திரையை விட்டு நழுவி, ‘அந்த நர்ஸ் மனதில் என்ன நினைத்திருப்பார்’ என்று ஊகத்தில் மேயப் போய்விடும். சொல்வதற்கு டேப்பில் சாட்சி வேண்டும். கை எங்கே போனது, கண் எங்கே திரும்பியது, யார் யாருக்காகக் காத்திருந்தார்? காட்ட முடியவில்லையா, சரி, ஓட விடு. உரத்த குரலே முடிவாகிப் போகும் அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை சொல்லாமலே புரியும்.

இன்னொரு நேர்த்தியைப் பாருங்கள். பேச்சு முழுவதையும் ஆடியோவில் பதிவு செய்துகொள்வார்கள். டேப்பின் சொந்தக்காரர் குறிப்பெழுதத் தலைகுனிய வேண்டாம். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கூட்டம் கலையும்போது அத்தனை பேரின் கண்ணும் கண்டது அவர் பையில்! இன்று என் டேப்புக்கு நீ கண் கொடுத்தாய், அடுத்து உன் டேப்புக்கு நான் வருகிறேன். உத்தரவு போடாமலே ஆட்கள் வந்து உட்காரும் ஒரு குழுவுக்கு இதைவிட நல்ல எரிபொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் அலசியவற்றில் இரண்டைச் சொல்லாமல் நகர மனமில்லை. முதலாவது, ஒரு அமெரிக்க மருத்துவமனைப் பிரசவம். முக்கச் சொல்லி அந்தப் பெண்ணின் உடம்பே உந்துகிறது. சுற்றியிருப்பவர்களோ ‘டாக்டர் வரட்டும், முக்காதே’ என்கிறார்கள். யுகடானில் மாயா பெண்களின் பிரசவங்களை அருகிலிருந்து பார்த்து, நான்கு பண்பாடுகளின் பிரசவ முறைகளை ஒப்பிட்டு 1978-இல் நூல் எழுதியவர் ஜோர்டன். அந்த அறையில் யாருடைய அறிவு செல்லுபடியாகிறது என்பதுதான் அவர் கேள்வி. பிள்ளை பெறுபவளின் அறிவு அங்கே கணக்கில் வரவே இல்லை. இரண்டாவது, ஒரு விமான நிறுவனத்தின் தரைக் கட்டுப்பாட்டு அறை. பார்க்கின் மானுடவியலாளர் லூசி சச்மன் தலைமையில் எடுத்த டேப். அங்கே ரேடியோ ஒருவரிடம், திரை இன்னொருவரிடம், தாள் மற்றொருவரிடம். அறிவு எல்லார் கையிலும் பரவிக் கிடக்கிறது, எட்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பிரசவத்தையும் விமானத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் யோகம் வேறு எந்த அலுவலகத்தில் வாய்க்கும்!

இந்தப் பழக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1980-களின் தொடக்கம், சச்மன் அப்போது பெர்க்லி மானுடவியல் மாணவி. பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று செராக்ஸ் விளம்பரம் செய்த ஒரு நகல் இயந்திரம் வாடிக்கையாளர்களைத் திணறடித்தது. அதன்முன் இருவரை நிறுத்திப் படமெடுத்தார். இயந்திரம் சொல்வது புரியாமல் அவர்கள் தவித்தார்கள். யார் அந்த இருவர்? ஒருவர் கணினி மொழியியலாளர் ரான் கப்லன். மற்றவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையை நிறுவியவர்களில் ஒருவர், 1975-இல் டூரிங் விருது பெற்றவர்! பயனாளிக்குப் புத்தி போதவில்லை என்ற சாக்கு அந்த டேப்போடு செத்தது. அந்த ஆய்வே சச்மனின் 1987 நூலாக விரிந்தது.

அதே பார்க்கில் ஜூலியன் ஓர். முன்னாள் டெக்னீஷியன், பிறகு மானுடவியலாளர். நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களின் பின்னாலேயே சுற்றினார். கம்பெனிக் கையேடு கைவிட்ட இடத்தில் அவர்களைக் காப்பாற்றியது சாப்பாட்டு மேசைக் கதைகள் என்று கண்டார். ‘அன்றைக்கு ஒரு மெஷின் இப்படித்தான் படுத்தியது...’ என்று ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவருக்கு விடை கிடைத்துவிடும். பின்னாளில் அத்தகைய அனுபவக் குறிப்புகளைச் சேர்த்துவைக்க ‘யுரேகா’ என்ற ஏற்பாடு பிரான்சில், மினிடெல் வலைப்பின்னலில் தொடங்கியது. குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற யோசனை வந்தபோது வேண்டாம் என்று முடிவானது. பணம் வந்தால் எண்ணிக்கை பெருகும், தரம் குறையும். குறிப்போடு எழுதியவரின் பெயர் இருந்தால் போதும்! தொழில்காரருக்குச் சக தொழில்காரர் தரும் மதிப்பைவிடப் பெரிய கூலி எது?

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று தொடங்குங்கள். பட்ஜெட்டுக்கும் பதவிக்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் விண்ணப்பப் படிவத்தையோ செயலியையோ ஒருவர் பயன்படுத்துவதை, அவர் சம்மதத்தோடு, பத்து நிமிடம் படமெடுங்கள். கணக்குப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை, வாசலில் ஆட்களை வரவேற்பவர் என்று விருப்பமுள்ள எல்லாரையும் கூப்பிட்டு ஓட விடுங்கள். முடிந்தால் படத்தில் இருப்பவரையும் அழையுங்கள், பாலோ ஆல்டோக்காரர்கள் அதையும் செய்தார்கள். முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தாலும் போதும். ஐந்து நிமிட விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.