உண்ணி விஷம்: கால்நடைகள் முடங்குவது ஏன்?

உண்ணியால் மாட்டுக்கு ரத்தம் குறையும், காய்ச்சல் வரும், பால் வற்றும் என்பது விவசாயிகள் அறிந்ததே. இவை தவிர உண்ணி வேறொரு கெடுதலையும் செய்யக் கூடியது. சில வகை உண்ணிகளின் எச்சிலில் நரம்பைத் தாக்கும் விஷம் உண்டு. அந்த விஷம் ஏறினால், நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடோ கன்றோ ஓரிரு நாளில் கால் விழுந்து படுத்துவிடும். இதற்கு உண்ணி வாதம் என்று பெயர். காரணத்தை உணர்ந்து உண்ணியைத் தேடி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிராணி பிழைத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் மூச்சு நின்று இறந்துவிடக் கூடும்.

கிருமி அல்ல, விஷம்

உண்ணிக் காய்ச்சல்களுக்குக் காரணம் கிருமிகள். உண்ணி கடிக்கும்போது அவை ரத்தத்தில் புகுந்து பெருகுகின்றன. பிறகு உண்ணியை எடுத்தாலும் நோய் போகாது. மருந்து கொடுத்தாக வேண்டும். வாதம் அப்படிப்பட்டதல்ல. இதில் கிருமி இல்லை. ஆகவே சாதாரணமாகக் காய்ச்சல் காண்பதில்லை. ஒரு பிராணியிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதுமில்லை. உண்ணி ஒட்டியிருக்கும் வரை விஷம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

உலகில் சுமார் 900 வகை உண்ணிகள் உள்ளன. அவற்றில் 60-க்கும் மேற்பட்டவை வாதத்தை உண்டாக்கக் கூடியவை எனக் கண்டறியப்பட்டுள்ளது. கால்நடைகளில் பெரும்பாலும் முதிர்ந்த பெண் உண்ணியே இதற்குக் காரணம். அது ஒட்டிய முதல் சில நாட்கள் மெதுவாகவே ரத்தம் குடிக்கும். பிறகு வேகமாகக் குடித்து ஊதிப் பெருக்கும். விஷம் அதிகமாக இறங்குவது அந்தச் சமயத்தில்தான். எனவே உண்ணி பெருக்கும் முன்பே எடுத்துவிட்டால் ஆபத்து பெரிதும் நீங்கிவிடும்.

மடை அடைபட்டது போல

கால் அசைய வேண்டுமானால் மூளையின் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்கு வர வேண்டும். நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து தசையை இயக்குகிறது. ஆஸ்திரேலியாவில் உள்ள வாத உண்ணியின் விஷம் இந்தச் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் மடை அடைபட்டால் வயல் காய்வது போல, நரம்பும் தசையும் நன்றாக இருந்தும் கால் அசையாமல் போகிறது.

முதலில் பின்னங்கால்கள் தள்ளாடும். நடக்கும்போது இடறும். பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். அடுத்து முன்னங்கால்களும் கழுத்தும் சோரும், குரல் மாறும், விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுவிட உதவும் தசைகள் செயலிழக்கும். ஆனால் இவ்வளவுக்கும் இடையில் பிராணிக்கு உணர்வு இருக்கும். சுற்றி நடப்பதைக் கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கும்.

பிற நாடுகளின் அனுபவம்

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இந்த நோயைப் பற்றி 1912-ல் ஜான் டாட் எழுதினார். அடுத்த ஆண்டு கால்நடை மருத்துவர் சீமோர் ஹாட்வென், செம்மறியாடுகள் மீது உண்ணிகளை விட்டு வாதத்தை உண்டாக்கிக் காட்டினார். அப்பகுதியில் வசந்த காலத்தில் மலை மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் ஒரே மந்தையில் பலவாகப் படுத்துவிடுவதுண்டு. உண்ணிகளை முழுவதும் எடுத்துவிட்டால், சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் அவை எழுந்து நடக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் ஆடுகளுக்கு வரும் வாதமும் இதே போன்றதுதான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் நிலைமை வேறு. அங்குள்ள உண்ணியை உரிய காலத்தில் எடுக்காவிட்டால் மனிதனையும் மிருகத்தையும் கொன்றுவிடும் என்று 1824-லேயே வில்லியம் ஹோவெல் என்ற பயணி குறித்து வைத்தார். ஒரே ஒரு பெண் உண்ணி ஒரு நாயைக் கொல்லப் போதும். இளம் கன்றுகளும் இறக்கின்றன. உண்ணியை எடுத்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வாதம் அதிகமாகிக்கொண்டே போகக் கூடும். முன்பே நரம்பு நுனிகளைப் பற்றிய விஷம் வேலை செய்துகொண்டிருப்பதே காரணம். ஆகவே அங்கு விஷமுறி சீரம் ஊசி போடுகிறார்கள். உண்ணியை எடுத்ததும் ஆபத்து தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது என்பதே அங்கு கற்ற பாடம்.

கோழிக் கூட்டில் கவனம்

தமிழ்நாட்டு விவசாயிகள் இந்த வாதத்தைக் கோழிகளிடம் எதிர்பார்க்கலாம். சுவர் வெடிப்பிலும் மரச் சந்திலும் பகலில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுப் போகும் தட்டையான கோழி உண்ணி பலருக்குத் தெரிந்ததே. இதன் குஞ்சுகள் மட்டும் பெரிய உண்ணி போல வந்து போவதில்லை. அவை இறக்கைக்கு அடியில் பல நாட்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். இவற்றின் விஷத்தால் கோழியின் கால்கள் தளரும், இறக்கைகள் தொங்கும். ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சல் நோயைப் பரப்புவதும் இதே கோழி உண்ணிதான்.

கால் இழுப்பு வெள்ளைக் கழிச்சல் நோயிலும் வரும். ஆகவே கோழி நடக்க முடியாமல் உட்கார்ந்தால், இறக்கையைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். கடுகு போன்ற சிறு உண்ணிகள் தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். கூட்டின் வெடிப்புகளைப் பூசி மெழுகிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோழி அடையும் கட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் தள்ளி வைக்க வேண்டும். இந்த உண்ணி ரத்தம் குடிக்காமலே ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆகையால் சில மாதம் கூட்டைக் காலியாகப் போட்டு வைப்பதால் மட்டும் பயனில்லை.

செய்ய வேண்டியவை

ஆடு, மாடு, நாய் எதுவானாலும் காய்ச்சலின்றித் திடீரெனப் பின்னங்கால் தள்ளாடினால் முதலில் உண்ணியைத் தேட வேண்டும். காதின் உட்புறம், கழுத்து, அலைதாடி, முதுகுத் தண்டு, தொடை இடுக்கு, மடி, வாலடி ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. செம்மறியாடானால் ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, நேராக இழுத்து எடுக்க வேண்டும். அதன் உடலை நசுக்குவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், நெருப்பால் சுடுவதும் தவறு.

படுத்துவிட்ட பிராணிக்குக் கஞ்சியோ மருந்தோ தண்ணீரோ புகட்டக் கூடாது. விழுங்க முடியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். நிழலில் மார்பு தரையில் படும்படி சாய்த்துப் படுக்க வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்ற வேண்டும்.

குரல் மாறுவதும் விழுங்க முடியாமல் போவதும் வெறி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எனவே வெறுங்கையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. உண்ணியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கால்நடை மருத்துவரை உடனே அழைப்பது அவசியம். உண்ணி மருந்து தெளிப்பதானால் அளவை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் மருந்தே விஷமாகிவிடும்.

மாலையில் கொட்டிலில் கட்டும்போது ஒவ்வொரு பிராணியையும் ஒரு முறை தடவிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. உண்ணி ஊதிப் பெருக்கும் முன்பே அதைக் கண்டு களைந்துவிடும் விவசாயிக்கு வாதத்தால் இழப்பு நேர்வது அரிது.