பயணச்சீட்டே பாடப்புத்தகம்: ரயிலில் ஜெர்மனியைக் கற்கும் இந்திய மாணவர்கள்

புது தில்லி: வெளிநாடுகளில் பயிலும் இந்திய மாணவர்கள் எத்தனை பேர் என்பது நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுள் ஒன்று. 2024-ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் வெளியுறவுத் துறை அளித்த பதிலின்படி அந்த எண்ணிக்கை 13 லட்சத்து 35 ஆயிரம். எந்த நாட்டில் எத்தனை பேர் என்ற பட்டியலும் அவையில் வைக்கப்பட்டது. அங்கு சென்றவர்கள் பட்டத்தோடு வேறு எதைக் கற்றுத் திரும்புகிறார்கள் என்று கேட்பவர் மட்டும் அரிது.

அக்கேள்விக்கு விடை தேட ஏற்ற நாடு ஜெர்மனி. 2022-23 குளிர்காலப் பருவத்தில் அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களுள் சீனர்களைப் பின்தள்ளி இந்தியர்கள் முதலிடம் பிடித்தனர். அடுத்த ஆண்டிலேயே அவர்களது எண்ணிக்கை 49,483 ஆக உயர்ந்தது என்கிறது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி. 2022 டிசம்பர் 5-ஆம் தேதி புது தில்லியில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் ஜெர்மனியின் அன்றைய வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்போக்கும் கையெழுத்திட்ட குடிபெயர்வு ஒப்பந்தம், மாணவர்கள், ஆய்வாளர்கள், தொழில் வல்லுநர்கள் ஆகியோரின் போக்குவரத்தை மேலும் எளிதாக்கியது.

இம்மாணவர்களில் பெரும்பாலோர் பொறியியல் பயிலச் செல்பவர்கள். ஒரு நாட்டின் நிலவியலோ, பொருளாதாரமோ, மரபுகளோ அவர்களுடைய பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் அவற்றைக் கற்க ஒரு வழியை அந்நாட்டு அரசியல் அமைப்பே திறந்து வைத்திருக்கிறது. அதன் பெயர் பயணச்சீட்டு.

மத்தியும் மாநிலங்களும் பகிர்ந்த செலவு

உக்ரைன் போரை அடுத்து எரிபொருள் விலை ஏறியபோது, 2022 ஜூன் முதல் ஆகஸ்டு வரை மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் பயணம் செய்யலாம் என்று ஜெர்மன் அரசு அறிவித்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பின் விளைவாக 2023 மே 1 முதல் 'ஜெர்மனி பயணச்சீட்டு' நிரந்தரத் திட்டமாயிற்று. மாதம் 49 யூரோவில் தொடங்கிய இதன் விலை 2025-இல் 58 யூரோவாகவும், 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது. அதிவேக ரயில்கள் நீங்கலாக, நாட்டின் எந்த மூலையிலும் உள்ள வட்டார ரயில், நகர ரயில், டிராம், பேருந்து அனைத்திலும் இது செல்லும்.

இத்திட்டத்தின் நிதி ஏற்பாடு மத்திய-மாநில உறவுகளில் அக்கறை கொண்டோர் கவனிக்கத்தக்கது. கட்டணக் குறைப்பால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு ஆண்டுக்கு 150 கோடி யூரோவும், 16 மாநிலங்களும் சேர்ந்து 150 கோடி யூரோவும் ஏற்பதென முடிவாயிற்று. 2023 மார்ச் மாதத்தில் மக்களவையான புண்டெஸ்டாக்கும், மாநில அரசுகளே உறுப்பினர்களாக அமரும் மேலவையான புண்டெஸ்ராட்டும் இதற்கு ஒப்புதல் அளித்தன. யார் எவ்வளவு தருவது என்ற வாதம் இன்றி எந்த ஆண்டும் கழியவில்லை. அவ்வாறிருந்தும் திட்டம் நின்றுவிடவில்லை.

மாணவர்களுக்கு 2024 கோடைப் பருவத்திலிருந்து இதே பயணச்சீட்டு பொது விலையில் 60 சதவீதத்துக்குக் கிடைக்கிறது. இதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் மாணவர் அனைவரும் பருவக் கட்டணத்தோடு இதற்கும் செலுத்துகின்றனர். இரு மாணவர்கள், ஒரு சனிக்கிழமை, ஒரு ரொட்டிப் பொட்டலம். இவை போதும், நாட்டின் மறுகோடியைப் பார்த்துத் திரும்ப. வேகம் குறைந்த வட்டார ரயில் சிற்றூர்தோறும் நிற்பதால், விரைவு ரயில் பயணி காணாத ஜெர்மனியை அது காட்டுகிறது.

அளவுகோலில் 25 சென்டிமீட்டர்

அப்படிக் கற்கும் முதல் பாடம் பெரும்பாலும் ரைன் நதி. கொலோனிலிருந்து கோப்லென்ஸ் வழியாக மைன்ஸ் செல்லும் பழைய தடம் நதியின் இடக்கரையை ஒட்டியே ஓடுகிறது. கோப்லென்ஸுக்குத் தெற்கே 65 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. செங்குத்துச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், குன்றுதோறும் கோட்டைகள், கீழே வரிசையாகச் சரக்குப் படகுகள்.

ஆல்ப்ஸ் மலையில் தோன்றி வட கடலில் கலக்கும் ரைன் நதியின் சுமார் 1,230 கிலோமீட்டர் நீளத்தில் 865 கிலோமீட்டர் ஜெர்மனியில் உள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் ரசாயனங்களும் அதன் மீதுதான் மிதந்து செல்கின்றன. இப்பாதையில் உள்ள கௌப் என்னும் சிற்றூரின் நீர்மட்ட அளவுகோலை நாட்டின் தொழில்துறையே உற்றுநோக்குகிறது. 2018 அக்டோபரில் வறட்சியால் அது 25 சென்டிமீட்டராக இறங்கியது. படகுகள் கால் பங்கு, அரைப் பங்கு சுமையுடன் ஊர்ந்தன. லுட்விக்ஸ்ஹாபனில் உள்ள பிஏஎஸ்எஃப் ரசாயன ஆலை உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. அவ்வாண்டு அந்நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 25 கோடி யூரோ. மழை பொய்த்தால் வயல் காயும் என்று அறிந்து வளர்ந்த இந்திய மாணவருக்கு, மழை பொய்த்தால் ரசாயன ஆலையும் தடுமாறும் என்பது ரயில் ஜன்னலோரத்தில் கிடைக்கும் பொருளாதாரப் பாடம்.

சுரங்கம் மூடிய பிறகு

ரைன் நதிக்குக் கிழக்கே ரூர் பகுதி. ஒரு காலத்தில் ஜெர்மனியின் உலைக்களமாக விளங்கிய இடம். எஸ்ஸென் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. 2001-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. நிலக்கரி கழுவிய கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் இயங்குகிறது. 2018 டிசம்பர் 21-ஆம் தேதி, பொட்ரோப் நகரில் நாட்டின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபோது, கடைசியாக வெட்டிய ஒரு கட்டியைத் தொழிலாளர்கள் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஸ்டைன்மையரிடம் ஒப்படைத்தனர்.

கிழக்கே, போலந்து எல்லையை ஒட்டிய லவுசிட்ஸ் பகுதியில் இந்த மாற்றம் இன்னும் முடியவில்லை. அங்கு எடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. இந்திய மாணவர்கள் கணிசமாகப் பயிலும் கோட்புஸ் நகரின் விளிம்பில், 2015-இல் கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் 2019 முதல் நீர் நிரப்பப்பட்டது. சுமார் 19 சதுர கிலோமீட்டர் பரப்பில் அங்கு இன்று ஒரு ஏரி விரிந்திருக்கிறது. 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடுவதென 2020-இல் சட்டம் இயற்றிய ஜெர்மனி, அதனால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அவ்வளவு நிதியும் வேலை இழப்போரின் அச்சத்தைப் போக்கிவிடவில்லை என்பதை அப்பகுதியின் தேர்தல் முடிவுகள் காட்டுகின்றன.

நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் மண்ணை அகழ்ந்த ராட்சதச் சக்கர எந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பத்தில் உருவானவை. எந்திரம் தந்த நாட்டில் சுரங்கம் முடிந்த பின் என்ன நடக்கிறது என்பதை கோட்புஸ் ஏரிக்கரையில் நின்று பார்க்கும் மாணவர், ஜாரியாவுக்கும் கோர்பாவுக்கும் நெய்வேலிக்கும் ஒருநாள் வரவிருக்கும் கேள்வியை முன்கூட்டியே சந்திக்கிறார்.

மூன்று ஆண்டும் ஒரு நாளும்

கற்கப் பயணம் செய்வது ஜெர்மானியருக்குப் புதிதன்று. இயற்கை அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் தென் அமெரிக்காவில் பயணம் செய்து ஆராய்ந்தவர். இமயமலைக்கு வரவும் அவர் விரும்பினார்; கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை.

உழைப்பாளிகளிடமும் இந்த மரபு உண்டு. தச்சு, கொத்து முதலிய தொழில்களில் பயிற்சி முடித்த இளைஞர்கள் மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை கற்கும் 'வால்ட்ஸ்' இன்றும் வழக்கில் உள்ளது. புறப்படுபவர் மணமாகாதவராகவும் கடன் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். சொந்த ஊரின் 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அவர் நுழையக்கூடாது. அகன்ற கால்களையுடைய கறுப்புக் கால்சட்டை, தொப்பி, கைத்தடி ஆகியவற்றுடன் ரயில் நிலையத்தில் நிற்கும் இவர்களைப் பார்த்து, ஏதோ நாடகக் குழுவினர் என்றே இந்திய மாணவர்கள் முதலில் எண்ணுகின்றனர். தொழிற்சாலையில் பாதி, பள்ளியில் பாதி என்று அமைந்த ஜெர்மன் தொழிற்பயிற்சி முறையையும், கைத்தொழிலுக்கு அங்குள்ள சமூக மதிப்பையும் விளங்கிக்கொள்ள இவர்களோடு பேசும் அரை மணி நேரம் உதவுகிறது.

தங்குமிடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1909 ஆகஸ்டில் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்ற ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் புயல் மழையில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். நடந்து செல்லும் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912-இல் அல்டெனா கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அவரது முயற்சியால் அமைந்தது. அங்கிருந்து உலகெங்கும் பரவிய இயக்கத்தின் இந்தியக் கிளையான இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் 1949 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் தில்லி சாணக்கியபுரியில் உள்ளது.

உறுப்பினர்களின் தலைக்கு மேலே

எல்லாப் பாடங்களும் இனிமையானவை அல்ல. கவிஞர் கதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமர் நகரின் புறத்தே, பேருந்தில் சென்றடையும் தொலைவில், புகென்வால்ட் வதைமுகாம் உள்ளது. நாஜிகளின் ஆட்சியில் 56 ஆயிரம் பேர் மாண்ட இடம். நாடெங்கும் வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடுகள் நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவரின் பெயரும் ஆண்டும் அவற்றில் உள்ளன. குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய இப்பணியில், ஐரோப்பா முழுவதிலும் 2023-இல் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. தன் நாட்டின் குற்றத்தை வாசலிலேயே எழுதிவைக்கும் அரசியல் பண்பாடு எத்தகையது என்ற சிந்தனையை அத்தகடுகள் எழுப்புகின்றன.

அதன் மறுபக்கம் பெர்லினில் தெரிகிறது. 1999 முதல் புண்டெஸ்டாக் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் கண்ணாடிக் கூண்டு ஒன்றை அமைத்தார். முன்பதிவு செய்தவர் எவரும் கட்டணமின்றி ஏறலாம். கீழே அவை தெரியும். மக்கள் மேலே, பிரதிநிதிகள் கீழே என்பதே அதன் பொருள். 2023 டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவையில் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்த பின், பார்வையாளருக்கான கட்டுப்பாடுகள் இறுகிய தில்லியிலிருந்து செல்பவருக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்கிறது.

ஆயினும் இந்தப் பாடசாலையில் நுழைய முதலில் பணம் வேண்டும். விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை, அதாவது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை, முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், இத்தொகைக்காகவே பல குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. கடன் உள்ளவரின் சனிக்கிழமை, உணவகத்திலும் கிடங்கிலும் கழிந்துவிடுகிறது. ரயில்களும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை: 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நேரம் தவறாதவை 62.5 சதவீதம் மட்டுமே. 2025 பிப்ரவரித் தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீத வாக்குகளுடன் இரண்டாம் இடம் பெற்ற நாட்டில், சில ஊர்களின் மாலை நேரங்களைத் தவிர்க்கவும் மாணவர்கள் கற்கின்றனர்.

உள்நாட்டில் என்ன நிலை?

மாணவர் பயணத்தின் அருமையை இந்திய அரசு அறியாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நாட்டில் 100 சுற்றுலாத் தலங்களைத் தேர்ந்து, அவற்றின் வரலாறு, அறிவியல் பங்களிப்பு, மரபு, இலக்கியம் ஆகியவற்றை நேரில் கற்க மாணவர்களை அனுப்ப வேண்டும் என்கிறது. 2023-இல் தொடங்கிய 'யுவ சங்கம்' திட்டத்தின் கீழ் ஒரு மாநில இளைஞர்கள் இன்னொரு மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். முதல் சில கட்டங்களில் அவ்வாறு சென்றவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. 2021-22 கணக்கின்படி நாட்டின் உயர்கல்வி மாணவர்கள் 4.33 கோடி.

இதைவிடப் பழமையானதும் பரந்ததுமான ஏற்பாடு ரயில்வேயிடம் உள்ளது. கரோனா காலத்தில், 2020 மார்ச்சில், மூத்த குடிமக்கள் உள்ளிட்டோரின் கட்டணச் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், மாணவர்களுக்கான சலுகைகள் விட்டுவைக்கப்பட்டன. கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 75 சதவீதச் சலுகை. விதி இவ்வளவு தாராளமானது. ஆனால் தலைமை ஆசிரியர் விண்ணப்பிக்க வேண்டும், ஆசிரியர்கள் உடன் செல்ல வேண்டும், போய்ச் சேர்ந்த ஊரில் மலிவாகத் தங்க இடம் வேண்டும். ஜெர்மனியில் நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் மழையில் நனைந்தபடி எண்ணியதும் அதைத்தான்.

வெளிநாடு சென்றவர்களின் எண்ணிக்கையைக் கேட்கும் உறுப்பினர்கள், அடுத்த கூட்டத்தொடரில் இன்னொரு கணக்கையும் கேட்கலாம்: அந்த 75 சதவீதச் சலுகையைப் பயன்படுத்தி, கடந்த ஆண்டு எத்தனை கிராமப்புற அரசுப் பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஒரு ரயிலில் ஏறினார்கள்?