கண்ணாடியில் உறையும் நீலம்

டொரொன்டோவைக் கடந்து செல்லும் 401 நெடுஞ்சாலையில் ஜனவரி மாதம் கார் ஓட்டுபவர்களுக்குப் பனியைவிடப் பெரிய தொல்லை, பனியைக் கரைக்கக் கொட்டும் உப்புதான். முன்னால் போகும் லாரியின் சக்கரங்கள் உப்புச் சேற்றை வாரி அடிக்கின்றன. அது முன்கண்ணாடியில் காய்ந்து வெள்ளையாகப் படிகிறது. தாழ்ந்து விழும் குளிர்கால வெயில் அதில் பட்டால் எதிரே எதுவும் தெரியாது. வைப்பரை வெறுமனே ஓடவிட்டால் இன்னும் மோசம். வாஷர் திரவத்தைப் பீய்ச்சியே ஆக வேண்டும். அந்த நொடியில் அது வராமல் போனாலோ, வந்து கண்ணாடியிலேயே உறைந்தாலோ, நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டும் நிலைதான்.

வராமல் போவதற்குப் பெரும்பாலும் கோடையில் ஊற்றியதன் மிச்சம்தான் காரணம். குளிர்காலத் திரவத்தில் தண்ணீர், மெத்தனால், கொஞ்சம் சோப்புப் பொருள், நீலச் சாயம் ஆகியவை இருக்கும். மெத்தனால் கலந்தபின் நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அடுக்கிக்கொள்வது எளிதல்ல. எடையில் 40 சதவீதம் மெத்தனால் இருந்தால் கலவை ஏறக்குறைய −39 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதில் சம எடை தண்ணீர் சேர்ந்தால் −20 வரை தாங்கும் என்று மனக்கணக்குப் போடக் கூடாது. −15-லேயே பனித்துகள் தோன்றிவிடும். தொட்டியில் கிடக்கும் பழைய தண்ணீரின் மேல் புதியதை ஊற்றுபவர்கள் செய்வது இதைத்தான்.

இந்தக் கலவை ஒரே வெப்பநிலையில் முழுதாக உறைவதில்லை. முதலில் நீர் மட்டும் பனித்துகள்களாகப் பிரிகிறது. எஞ்சிய திரவத்தில் மெத்தனாலின் பங்கு கூடுவதால், அது உறைய மேலும் குளிர வேண்டும். ஆகவே தொட்டிக்குள் இருப்பது கட்டியல்ல, கூழ். மெல்லிய குழாயையும் அதன் முனைத்துளையையும் அடைக்க அந்தக் கூழே போதும். வெறும் தண்ணீர் என்றால் உறையும்போது 9 சதவீதம் பருத்து, தொட்டியைப் பிளக்கவும் செய்யும்.

புட்டியில் −40 என்று அச்சிட்ட திரவம் −15 குளிரில் கண்ணாடியில் உறைவதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. எழுதியது பொய்யல்ல, அந்த எண் புட்டிக்குள் இருக்கும் கலவைக்கு உரியது. கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரவியதும் கதை மாறுகிறது. மெத்தனால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். எதிர்க்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். ஆவியாகும்போது கண்ணாடியின் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. உலர்ந்த கண்ணாடியைக் காற்று எவ்வளவு வீசினாலும் வெளிக்குளிருக்குக் கீழே குளிர்விக்க முடியாது. ஆவியாகும் ஈரத்தால் முடியும். மெத்தனால் பறந்துபோக மிஞ்சுவது பெரும்பாலும் நீர். அது நிற்பதோ முன்னிலும் குளிர்ந்த கண்ணாடியில். அடுத்த வைப்பர் வீச்சுக்குள் அது பனிப்படலமாகிவிடலாம்.

அதனால் ஹீட்டரின் சூடான காற்று கண்ணாடியை வெதுவெதுப்பாக்கும்வரை திரவத்தைப் பீய்ச்சாமல் இருப்பது நல்லது. தொட்டி ஏற்கெனவே உறைந்திருந்தால் சூடான கராஜில் நிறுத்தி இளகவிடுவதே பாதுகாப்பான வழி. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பம்ப் கெடும். கொதிநீரைக் கண்ணாடியில் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். இளகியதும் பழையதைத் தீர்த்து, குளிர்காலத் திரவத்தை நிரப்பி, குழாய்களுக்குள் புதியது வந்து சேரும்வரை பீய்ச்ச வேண்டும். தொட்டியை மாற்றிவிட்டுக் குழாயை மறப்பதால்தான் பலருக்கு மறுநாளும் அடைப்பு.

இந்த நீலத் திரவத்தில் எனக்குப் பெரிய கவலை அதன் நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த சாராயத்தில் இருந்ததும் மெத்தனால்தான். உடலுக்குள் போனால் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். பளிச்சென்ற நீலம் குழந்தைகளின் கண்ணுக்குக் குளிர்பானமாகத் தெரியும். புட்டியைக் கராஜ் தரையில் விடாமல் எட்டாத உயரத்தில் வைப்பதும், வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காமல் இருப்பதும் கட்டாயம். குழந்தை ஒரு மிடறு குடித்திருந்தாலும் அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆகாததுபோலவே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே முதல், எடையில் 0.6 சதவீதமோ அதற்கு மேலோ மெத்தனால் உள்ள வாஷர் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. அங்கே எத்தனால் போன்றவை அதன் இடத்தைப் பிடித்திருக்கின்றன. எத்தனால் மூலக்கூறு மெத்தனாலைவிடக் கனமானது என்பதால் அதே குளிரைத் தாங்கக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதற்காகும் கூடுதல் செலவை வட அமெரிக்காவும் ஏற்க வேண்டும் என்பேன்.